நாற்பதும் நாற்பது தசம் பூச்சியம் பூச்சியமும்

அன்பு மகன் றிக்சனுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் சுகம். ரொறன்ரோக் குளிரில் நீயும் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன். அப்பாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, முற்றத்து முருங்கை காற்றுக்கு முறிந்துவிட்டது. ஆனால் எழுத இருந்தது அதற்கல்ல. தங்கச்சிக்கு நீ போனில் சொன்ன புத்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

முழுவதையும் கேள். தங்கச்சி சுதர்ஷிகா வேலை செய்த படகு திருத்தும் தளத்துக்குக் கிண்ணியா கலீலுர் றஹ்மான் தன்னுடைய மூதூர்ப் பயணிகள் படகைத் திருத்தக் கொண்டுவந்தார். இயந்திரத்திலிருந்து புறொப்பெல்லருக்குப் போகும் தண்டைப் புதிதாகக் கடைய வேண்டும். அளவுகளை எக்செலில் போட்டது தங்கச்சி. நாற்பது மில்லிமீற்றரை 40.00 என்று இரண்டு தசம தானத்தோடுதான் வைத்தாள். அங்கே அப்படிப் போட்டால் இழையளவும் பிசகக்கூடாது என்று பொருளாம், வெறும் 40 என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கலாமாம். முகாமையாளர் அருளம்பலம் பூச்சியங்கள் பார்க்க வடிவாயில்லை என்று, இவளிடம் ஒரு சொல் கேளாமல், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு லேத் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் வெறும் 40தானே என்று கொஞ்சம் முன்பின்னாகக் கடைந்து கொடுத்தார்கள். வெள்ளோட்டத்தில் குடாவின் நடுவில் தண்டு உதறி, அது வெளியே போகும் துவாரத்தால் தண்ணீர் ஏறி, படகில் இருந்தவர்கள் வாளியால் இறைத்து இறைத்துத்தான் கரை சேர்ந்தார்கள். இவளும் அதில்தான் இருந்தாள் மகன். உனக்கு அதைச் சொன்னாளோ?

அடுத்த நாள் அந்த அருளம்பலம் எல்லாருக்கும் முன்னால், அளவு போட்டது இந்தப் பிள்ளை, பிழையும் இவளுடையது என்றார். பூச்சியத்தை எடுத்தது நீங்கள்தானே சேர் என்று இவள் கேட்டதற்கு, "ஓம், எடுத்தனான். நாப்பது எண்டாலும் நாப்பது தசம் பூச்சியம் பூச்சியம் எண்டாலும் ஒண்டுதானே பிள்ளை" என்றாராம். பொறியியல் படித்த மனிசனின் கதையைப் பார். மன்னிப்புக் கேட்டால் வேலை தப்பும் என்றும் சொன்னாராம். நீயும் அதற்கு ஒத்தூதி, கேட்டுவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடும் என்கிறாய்.

அவள் கேட்கவில்லை. நேரே றஹ்மானிடம் போய், "உங்கட படகில சனம் ஏறப்போகுது, உங்களுக்குத் தெரியோணும்" என்று நடந்ததைச் சொன்னாள். அவர் விடாப்பிடியாக நின்று தண்டைத் திரும்பக் கடைய வைத்தார். இவளே அளந்து பார்த்துப் பொருத்தக் கொடுத்தாள். இப்போது படகு ஒழுங்காக மூதூருக்கு ஓடுகிறது. தண்டு பொருந்திய அன்றே இவளை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பிள்ளை கதிரையில் சாய்ந்தபடி கிடக்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்குப் போன் எடு. புத்தி சொல்லக் கூடாது, சொல்லிப்போட்டேன். தண்ணீர் ஏறியபோது பயந்தாயா என்று மட்டும் கேள். அதை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே.

உன்மேல் கோபத்தோடும் பாசத்தோடும்,
அம்மா மாகிரட்
திருகோணமலை