ஜெனி சொன்னதும் நான் சொல்லாததும்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். சபைக்குத் தகரக் கூரை, ரெண்டு ஃபேன் ஓடவில்லை. ஓய்வுநாள் பள்ளிக்குப் பதினேழு பிள்ளைகள். வசனம் ஒழுங்காகச் சொன்னது நாலு பேர்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நம்மூர்க்காரர்கள் பேச்சு. "என்ன புள்ள, இப்படி மெலிஞ்சிட்ட? கம்பெனிச் சோறு சேரலியோ?" இதைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். ஆறு நாளும் லைனில் நின்று வயர் கட்டுகிறேன். சூப்பர்வைசர் பேசுவது இந்தி, பக்கத்தில் நிற்கும் பெண் பேசுவது ஒடியா. ஒரகடத்தில் தூத்துக்குடிப் பேச்சு கேட்கிற ஒரே இடம் இந்தச் சபை வாசல்.

ரவி அண்ணன் கீபோர்டு இன்று ரொம்ப நன்றாக இருந்தது. வாலிபர் தலைவர், பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லித்தருகிறார். பாட்டு உயரும்போது என் கூடப்பிறந்த பியூலா அக்கா ஞாபகம். ஊரில் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுவாள், நான் அவள் பாவாடையோடு ஒட்டி நிற்பேன். பதினெட்டு வருஷம் ஆச்சு.

வாங்க: சோப்பு, கடலைப்பருப்பு, ஊக்கு.

என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஜெனி இன்றும் ரவி அண்ணன் கீபோர்டு வகுப்புக்கு மாடிக்குப் போகவில்லை. "வயித்து வலி டீச்சர்." போன வாரமும் இதே வயிற்று வலி. பன்னிரண்டு வயசுதான். அவளுக்குக் காது நன்றாக இருக்கிறது என்று வகுப்பில் சேர்த்துவிட்டதே நான்.

ஜூலை 8, செவ்வாய்

முதல் ஷிப்ட். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வல்லம் வடகால், ஜெனி வீடு. அம்மா நிர்மலா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, அஞ்சு மணிக்குத்தான் வருவார்.

ஜெனி பள்ளிக்கூடம் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கம் உட்கார்ந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே, "நான் இன்மே கீபோர்டு கத்துக்கல டீச்சர்."

"சரிம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?"

போன வருஷம் சபைகளுக்கெல்லாம் ஒரு பயிற்சி வைத்தார்கள். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக்கூடாது. கதவு திறந்திருக்கணும். பிள்ளை வாய் திறந்தால் குறுக்கே பேசாதே, ரகசியம் காப்பேன் என்று சத்தியம் பண்ணாதே. கேட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிட்டு வந்தோம். விதிகள் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டினோம். மாடி அறையில் கதவு சாத்தித்தான் வகுப்பு நடந்தது. ஏசி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னா அது பொய்யாயிடும்மா. உனக்கு உதவி செய்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன். வேற யாருக்கும் இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள். எல்லாம் ரவி அண்ணனைப் பற்றி. மூன்று ஞாயிறு.

அவள் வார்த்தையிலேயே தனித்தாளில் எழுதிவிட்டேன். இந்த நோட்டில் எழுத மாட்டேன். அது அவளுடையது.

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணேனா டீச்சர்?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

அறைக்கு வந்து ரெண்டு தடவை குளித்தேன். சாப்பிடத் தோணவில்லை.

ஜூலை 9, புதன்

வெயில். லைனில் நாலு தடவை தப்பான வயரைக் கோத்தேன், சூப்பர்வைசரிடம் ஏச்சு. சாயங்காலம் நிர்மலா அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற நீ? ரவி தம்பியா? எங்க வூட்ல குந்திகினு சோறு துண்ணுட்டுப் போன ஆளும்மா அது!"

"ஜெனியே சொன்னதுக்கா," என்றேன்.

"ஜெனி அப்பாவுக்குத் தெரிஞ்சா, இன்னாத்துக்கு அனுப்சேன்னு என்னத்தான் கேப்பாரு."

உள்ளே போனார். கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் உறுதி. "ஒரே ஒருவாட்டிதான் கேட்டேன். என் மடியில முகத்த வெச்சுகினா. எங்க போணும்னு சொல்லு, வரேன்."

"நான்தான்க்கா அவள வகுப்புல சேத்துவிட்டேன்."

"அத்த அப்றம் பேசிக்கலாம்."

அவர் நம்பிவிட்டார். ஒரே ஒரு கேள்வியில் நம்பிவிட்டார். திரும்பி நடக்கும்போது அழுகை நிற்கவில்லை. லாரிக்காரர்கள் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. அக்காவுக்கு அப்போது பதினாலு, எனக்குப் பத்து. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி. அதை நடத்திய அண்ணனைப் பற்றி அக்கா அம்மாவிடம் சொன்னாள். அப்பா பெல்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நீயும் அங்கதான நின்ன. கதவு சாத்தியிருந்துச்சா?" "இல்லப்பா" என்றேன். சாத்தியிருந்தது. வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதே நான்தான். பெல்ட்டுக்குப் பயமா, அந்த அண்ணன் எனக்கு முதல் பரிசு தருவார் என்றா, இன்றுவரை தெரியவில்லை. அக்கா அடி வாங்கினாள். அப்புறம் பாடவில்லை. கல்யாணமாகித் திருப்பூர் போனவள், அப்பா சாவுக்கு வந்ததோடு சரி.

அக்கா நம்பர் இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தில் ஒரு செம்பருத்தி. எழுதி எழுதி அழித்தேன்.

ஜூலை 10, வியாழன்

லீவு. காலையில் குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன். மகளிர் காவல் நிலையத்துக்கு நிர்மலா அக்காவோடு போகச் சொன்னார்கள், தங்கள் ஆளும் அங்கே வருவாராம். போகிற வழியில் பாஸ்டர் வீடு.

"சிஸ்டர், நான் ரவிகிட்டப் பேசுறேன். ஜெபத்துல வெப்போம். கட்டட வேலை நடக்குற நேரம், சபை பேரு கெட்டுப்போகும்."

"ஐயா, நான் அனுமதி கேட்டு வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்."

எழுந்துவிட்டேன். பாஸ்டரம்மா கேட் வரைக்கும் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "மாடி ரூமுக்குப் பூட்டு போட்டுட்டேன். நீங்க போங்க."

நிலையத்தில் ரெண்டு மணி நேரம். சாயங்காலம் பெண் எஸ்.ஐ. சாதாரணச் சுடிதாரில் ஜெனி வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டார். போக்சோ சட்டத்தில் வழக்கு. ஜெனி என் கையைப் பிடிக்கவில்லை, அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் சரி.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று ரவியைப் பிடித்துவிட்டார்கள். இன்று சபையில் கீபோர்டு இல்லை, வெறும் கைத்தட்டல். என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பின்னால் ஒரு குரல்: "போலீஸ சபைக்குள்ள கொண்டுவந்த புண்ணியவதி." ஓய்வுநாள் பள்ளியை வேறு சிஸ்டர் பார்த்துக்கொள்வாராம், எனக்கு ஓய்வாம்.

வாசலில் நின்றேன். நம்மூர் ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தராவது "என்ன புள்ள" என்று கேட்பார்கள் என்று கடைசி ஆள் போகும்வரை நின்றேன்.

தப்புச் செய்ததாகத் தோணவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வேண்டும். இப்போதும் வேண்டும்.

ஜூலை 16, புதன்

இடி, மழை. பஸ் நிறுத்தத்தில் சபைப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள், குடைக்குள் என்னையும் இழுத்துக்கொண்டாள். அவள் மகளும் போன வருஷம் மாடியில் கற்றவள். "அவளும் நேத்துதான் வாயத் தொறந்தா. ஸ்டேஷனுக்கு நீங்க கூட வருவீகளா?" நாளை ஷிப்ட் முடிந்ததும் போகிறோம்.

பஸ்ஸில் ஏறி, யோசிக்காமல் அக்காவுக்கு அனுப்பினேன்: "கதவு சாத்தியிருந்துச்சு. நான் பாத்தேன். அப்பாகிட்டப் பொய் சொன்னேன்." ரெண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூலை 19, சனி

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போன். செம்பருத்திப் படம். கை முழுக்க நுரை.

"ஏட்டி."

அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வருஷம்.

"இப்ப எதுக்குட்டி சொல்லுத?"

ஜெனி விஷயம் எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். சொல்லி முடித்தேன். வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ள சாப்புடுதா?"

"நேத்து ரெண்டு தோசை சாப்புட்டாளாம்."

"நான் அப்ப சாப்புடல. என் தட்டையும் நீதான் சாப்புட்ட."

"ஆமாக்கா."

அவள் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்லாத. போன மட்டும் வெச்சிராத," என்றாள்.