அம்மா படியில் விழவில்லை

மொன்றியல்,
மார்ச் 15, ஞாயிறு

அன்புள்ள மகள் அனோஜினிக்கு,

நீயும் மருமகன் டனிஸ்ரனும் ஹூஸ்ரனில் நோய் நொடியின்றி இருக்க ஆண்டவரை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தொலைபேசியில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "ஓம் அப்பா, பேந்து கதைப்பம், வேலைக்கு வெளிக்கிடுறன்" என்று சொல்லிவிடுகிறாய், உன்னைக் குறை சொல்லவில்லை, ஆஸ்பத்திரி வேலை அப்படித்தான். ஆனால் இதை அரைகுறையாகச் சொல்ல முடியாது. அதுதான் தாளை எடுத்தேன்.

பெப்ரவரி தொடக்கத்தில் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்தது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அம்மா என்னிடமும் அப்படித்தான் சொன்னா, நானும் நம்பினேன். அம்மா விழவில்லை பிள்ளை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஜான்-டலோன் சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு தனியாகக் காரில் திரும்பி வரும்போது, சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் வந்த ஒரு கார் இடப்பக்கத்தில் மோதியிருக்கிறது. கதவு உள்ளே போய்விட்டது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை முறுகிவிட்டது. மோதிய காரிலிருந்து அழுதுகொண்டு இறங்கியது யார் தெரியுமா, எங்கள் கோவிலில் பாட்டுக்குழுவில் முன்னுக்கு நிற்பாவே, றோசா, அவதான். தை மாதமே அவவின் காப்புறுதி நின்றுவிட்டதாம். "கத்தரினக்கா, உங்களைக் கும்பிட்டன், பொலிசைக் கூப்பிடாதேங்கோ, காரைப் பறிச்சாங்களெண்டா லவாலுக்கு வேலைக்கு எப்பிடிப் போவன், அந்த நேரத்தில பஸ்சும் இல்லை, பிள்ளையளோட நான் தனிய" என்று நடுறோட்டில் நின்று கையைப் பிடித்திருக்கிறா. உன் அம்மாவை உனக்குத் தெரியும். "சரி போ, ஒருத்தருக்கும் சொல்லாத, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று அனுப்பிவிட்டா. என்னிடம் காரைச் சந்தை நிறுத்துமிடத்தில் யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டதாக ஒரு கதை, கைக்குப் படி என்று இன்னொரு கதை. நான்கு நாள் எண்ணெய் பூசிக்கொண்டே தான் வேலை செய்யும் சிறுவர் பராமரிப்பு நிலையத்துச் சமையலறையில் பானை தூக்கியிருக்கிறா. ஐந்தாம் நாள் கை பூசணிக்காய் போல வீங்கிய பிறகுதான் டொக்டரிடம் போனோம், அங்கேயும் படியென்றே சொன்னா.

இதில் என் பிழையும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். போன இலையுதிர் காலத்தில் கார் பழசாகிவிட்டது என்று முகவரிடம் சொல்லி முழுக் காப்புறுதியை ஒருபக்கக் காப்புறுதியாக மாற்றினேன், அதாவது நான் இடித்தால் மற்றவருக்குக் கிடைக்கும், என் காரை எவராவது இடித்தால் அவருடைய காப்புறுதியை நம்பி இருக்க வேண்டும். அந்த மனிசன் அன்றைக்கே கேட்டார், "அண்ணை, இடிக்கிற ஆளிட்டக் காப்புறுதி இல்லையெண்டா உங்கட காரை ஆர் பாக்கிறது?" நான் சிரித்தேன். "இந்த ஊரில காப்புறுதி இல்லாமல் ஆர் ஓடப்போயினம்" என்று சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உட்கார முடியவில்லை, எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த்தான் வருகிறேன்.

உண்மை எப்படி வெளியே வந்தது என்றால், மூன்று கிழமைக்கு முன் ஒரு பின்னேரம் றோசாவே வந்து மணி அடித்தா. அம்மாவின் கையில் மாவுக்கட்டைக் கோவிலில் கண்டாவாம், படியில் விழுந்ததாக ஊரெல்லாம் சொல்வதையும் கேட்டாவாம். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, "அண்ணை, அக்கா விழேல்லை, நான்தான் இடிச்சனான்" என்று சொல்லிவிட்டு நின்றா. நான் கத்தினேன். வாயில் வராத சொல் எல்லாம் வந்தது, அதை எழுதமாட்டேன். பிறகு அம்மாவைப் பார்த்தும் கத்தினேன், நாற்பது வருசம் ஒரு வீட்டில் இருந்துகொண்டு எனக்கே பொய் சொன்னியே என்று. அம்மா அழவில்லை. "உங்களுக்குச் சொல்லியிருந்தா அடுத்த நிமிசம் பொலிசுக்குப் போயிருப்பியள், அதுதான் சொல்லேல்லை" என்றா. அது உண்மைதான்.

இந்தக் கியூபெக் மாகாணத்தில் வாகன விபத்தில் உடம்புக்கு வந்த காயத்தை, இடித்தவரிடம் காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசாங்கம் பார்க்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் ஈடு உண்டு. ஆனால் விபத்து நடந்தது என்று சொன்னால்தானே. அம்மா மாட்டேன் என்று இருந்துவிட்டா, சொன்னால் றோசா மாட்டுவா என்று. இரண்டு நாள் இந்த வீட்டில் சட்டி பானைச் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் றோசா தானாகவே பொலிஸ் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு அங்கிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தா, "அக்கா, நான் சொல்லிப்போட்டன், இனி நீங்கள் ஒளிக்கத் தேவையில்லை" என்று. அவவுக்குத் தண்டம் வந்தது, காரும் இல்லை, இப்போது வேலைக்கு இரண்டு பஸ்சும் மெட்ரோவும் மாறிப் போகிறா. அம்மாவின் விண்ணப்பம் போயிருக்கிறது, ஏன் இவ்வளவு தாமதம் என்று நிறையக் கேட்டார்கள், ஆனால் எடுத்துக்கொண்டார்கள். விரல் இன்னும் முழுதாக மடியவில்லை. எங்கள் காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று, நான் பாண் சுடும் தொழிற்சாலைக்கு வேலைக்கு முதல் பஸ்சில் போகிறேன்.

இப்போது உன் விசயம். நத்தார்ப் பெருநாளுக்குக் கதைக்கும்போது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய், அங்கே காப்புறுதி எடுக்கும்போது, காப்புறுதி இல்லாதவர்களும் போதிய காப்புறுதி இல்லாதவர்களும் இடித்தால் உன்னைப் பாதுகாக்கும் ஒரு பகுதி இருந்ததாம், வேண்டாம் என்று கையெழுத்து வைத்தாயாம், மாதக் கட்டணம் குறையும் என்று. அன்று நானும் நல்லது என்றேன். அந்தக் கையெழுத்துத்தான் இப்போது என்னை இருக்கவிடுகிறதில்லை. நீ இப்போது கியூபெக் ஆள் இல்லை, இங்கே அம்மாவின் கையைப் பார்க்கிற மாதிரி அங்கே உன்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இடிக்கிறவரிடம் ஒன்றும் இல்லையென்றால், அல்லது இருப்பது ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கே காணாது என்றால் நீ என்ன செய்வாய்? எங்கள் காரை மோதியது தெரிந்த மனிசி, வந்து மணி அடித்தா. ஹூஸ்ரன் நெடுஞ்சாலையில் உன்னை இடிக்கிறவர் யார் என்றே உனக்குத் தெரியாது மகள்.

இன்று பூசைக்குப் போனோம். றோசா பாட்டுக்குழுவை விட்டுவிட்டுப் பின்வரிசை வாங்கில் தனியாக இருந்தா, அம்மா நேரே போய் அவவுக்குப் பக்கத்தில் இருந்தா, நானும் வேறு வழியில்லாமல் இருந்தேன். பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது றோசா என் பக்கம் திரும்பவே பயந்து குனிந்து நின்றா. நான்தான் கையை நீட்டினேன். கையை உடனே எடுக்கவும் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் முகவரைக் கூப்பிட்டு அந்தப் பகுதியைத் திரும்பச் சேர், சேர்த்த தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, "பேந்து" என்று சொல்லாதே. மருமகனின் காருக்கும் பார். அம்மாவோடு கதைக்கும்போது பொய்யைப் பற்றி ஏசாதே, அதற்கு நான் ஏசியது போதும். ஆண்டவர் உங்கள் போக்கிலும் வரவிலும் துணையிருக்கட்டும், மாதா உங்களைத் தன் கையில் வைத்திருக்கட்டும்.

உன் படம் வரும்வரை போனைக் கையில் வைத்திருக்கும்,
அப்பா
ம. தேவதாசன்