புளியடிவெளி மருந்தகக் கூரைக்குச் சோலார் தகடுகளைத் திருப்பித் தரக் கோரல்

அனுப்புநர்:
சீ. வினாயகமூர்த்தி,
சுனாமி வீட்டுத்திட்டம்,
புளியடிவெளி, வவுணதீவு.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.

விடயம்: எண்ணெயை நம்பியுள்ள மின்சாரம் நின்றதால் என் மகள் இறந்தமையும், கழற்றப்பட்ட தகடுகளை மீளப் பொருத்துதலும்

கனம் ஐயா,

1. நான் கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவன். சுனாமியில் மனைவி இராசாத்தியை இழந்தேன். கடல்நீர் குடித்துத் தப்பிய மகள் தனுஷாவுக்கு அன்று முதல் மூச்சிழுப்பு. இங்கு குடியேறிய பின்னர், மருந்தகத்திலுள்ள மூச்சுக்கு மருந்தாவி கொடுக்கும் இயந்திரமே அவளைக் காப்பாற்றி வந்தது. உதவி நிறுவனமொன்று கூரையில் பொருத்திய சோலார் தகடுகளில் அது ஓடியது. சண்டை நடந்த நாட்களிலும் நிற்கவில்லை.

2. இவ்வருடம் சித்திரையில் எமக்கு லைன் கரண்ட் வந்தது. நானும் கைதட்டினேன். இனித் தேவையில்லை என்று தகடுகளைக் கழற்றிக் களஞ்சிய அறையில் பூட்டினார்கள். அவசரத்துக்கென டீசல் ஜெனரேற்றர் ஒன்றைத் தந்தார்கள்.

3. ஆடி 9ஆம் திகதி காலை தனுஷாவுக்கு இழுப்புக் கடுமையாகி மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றேன். மின்நிலையத்துக்கு எண்ணெய் வரவில்லையாம், இரண்டாம் நாளாகக் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கும் டீசல் இல்லை. ஐயா, நாட்டின் கரண்டும் எண்ணெயில்தான், அது நின்றால் உதவ வேண்டியதும் அதே எண்ணெயில்தான். தாதி றஸீனா அவர்கள், "அண்ணன், இந்த நிலையில புள்ளய அசைக்கப்படாது. ஓடிப்போய் டவுன்ல டீசல் கொண்டாங்க" என்றார். பதினொரு வயது மகள் என் சட்டையைப் பிடித்து, "போகாதீங்கப்பா" என்றாள். நான் அவள் விரல்களை விலக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

4. மூன்றாவது எரிபொருள் நிலையத்தில் ஐந்து லீற்றர் கிடைத்தது. திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில், அனுமதிக் கடிதமின்றி டீசல் கொண்டுபோக முடியாது என்றார்கள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். டீசல் கானை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையுடன் வந்தேன். பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். தாதிமேல் எனக்குக் குறையேதுமில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். அதுவும் முடியாதென்றால் பக்கத்திலாவது இருந்திருக்கலாம். நான் எண்ணெய் தேடிப் போனேன்.

5. இதுபற்றி ஏற்கெனவே தங்கள் செயலகத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். எரிபொருள் சீரானதும் யாவும் சீராகும் என்று ஒரு பதில் வந்தது. அதே இயந்திரத்தை நம்பி இன்னும் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். மாரி மழை தொடங்கினால் இழுப்புக் கூடும். எவராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என் மகளுக்கும் இனி எதுவும் தேவையில்லை. ஆயினும் அந்தப் பிள்ளைகளுக்காகத் தகடுகளை மீளப் பொருத்துவிக்குமாறு தங்களை மன்றாடுகிறேன். கூரையில் ஏற ஆளில்லை என்றால் நானே ஏறுகிறேன் ஐயா. களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பை மட்டும் தரச் சொல்லுங்கள்.

இங்ஙனம் இரந்து நிற்கும்,
சீ. வினாயகமூர்த்தி
(ஒப்பம்)

இடம்: புளியடிவெளி
திகதி: 17.08.2009