மூன்று பூட்டுக் களஞ்சியம்

தீரு, 1187
தூய மாற்கு திருநாள்

என் கணவருக்கு எஸ்கீவா எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணன் வீட்டில் மீன் நிறைய, பேச்சு அதைவிட நிறைய. சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. விருந்துக்கு வந்த மச்சானை, "கோமானோட எச்சில் சோறு திங்கிற பய" என்று சொன்னது நீங்கள்தானே? புது ராஜாவுக்குப் பட்டம் கட்டியது முறையா, கோமானுக்குக் கட்டியிருக்க வேண்டுமா என்று எருசலேமில் பெரிய மனிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். நம் சாப்பாட்டு மேசைக்கு அது எதற்கு?

ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நம் பெல்ரிவில் இப்போது யார் யாரோடு பேசுவதில்லை? ஆயரின் ஆள் கார்னியே இன்னும் கோமான் கட்சிதானா? நம் ஊர்ப் பிரபுவின் காரியக்காரர் பகான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்? எல்லாம் எழுதுங்கள்.

உங்கள் எஸ்கீவா

*

பெல்ரிவ்
தூய பிலிப்பு திருநாள்

எஸ்கீவாவுக்கு,

கேள்வி கேட்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. முதலில் நான் ஒன்று கேட்கிறேன். களஞ்சியச் சாவி எங்கே? கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது. நீ கிளம்பிய அன்றிலிருந்து காணோம்.

முற்றுகை வந்தால் ஊருக்குச் சோறு போடுவது அந்தக் களஞ்சியம்தான். கதவுக்கு மூன்று பூட்டு. பிரபுவின் சாவி பகானிடம், ஆயரின் சாவி கார்னியேயிடம், ஊராரின் சாவி என்னிடம். மூன்று பேரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். வருடா வருடம் ஜூனில் அருளப்பர் திருநாளன்று ஊர் முன்னால் சாவியைத் தூக்கிக் காட்டி, கதவைத் திறந்து, பழைய கோதுமையை மாற்ற வேண்டும். இந்தக் கட்சிச் சண்டையில் இரண்டு வருடமாகக் காட்டுவதோடு சரி. இந்த வருடம் காட்டவும் என்னிடம் ஒன்றுமில்லை. அது என்ன விளையாட்டுச் சாமானா?

பகான் காற்றடிக்கும் பக்கம் சாய்வார். கார்னியே என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறான்.

ரெனியே

*

தீரு
மே மாதம், விண்ணேற்றத் திருநாள்

என் கணவருக்கு,

எடுத்தது நான்தான். பாவாடைப் பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்கிறது. நேரில் வந்து, அண்ணனிடம் "மன்னிச்சுக்கோ மச்சான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சாவியோடு நானும் வருவேன்.

வீம்பு விடவில்லையென்றால், அருளப்பர் திருநாளன்று ஊருக்கு எதைக் காட்டப் போகிறீர்கள்? யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

எஸ்கீவா

*

பெல்ரிவ்
அருளப்பர் திருநாளுக்கு மறுநாள்

எஸ்கீவாவுக்கு,

நம் வீட்டில் நீ கறியை உப்பிட்டு வைக்கும் உப்புக்கறி அறைச் சாவியைக் காட்டினேன். போதுமா?

ரொட்டிக்கார அம்மாள் முன்வரிசையில் நின்று, "என்ன ரெனியே, சாவி இளைச்சுப் போச்சு?" என்றாள். "பொண்டாட்டி ஊர்ல இல்லைல்ல, சாவியும் இளைச்சிருக்கும்" என்று யாரோ சொல்ல, ஊரே சிரித்தது.

இன்னொரு விசித்திரம் கேள். கார்னியே தன் சாவியைப் பட்டுத்துணியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. பகான் தூக்கிய கையைக் கண்மூடித் திறப்பதற்குள் இறக்கிவிட்டார். "திறங்களேன், பார்க்கலாம்" என்று கூட்டம் கத்தியது. கார்னியே, "ரெனியே மொதல்ல போடட்டும்" என்றான். "ஊரார் சாவி ஏன் மொதல்ல? பிரபு சாவி போடட்டும்" என்றேன். "பிரபு சாவி கடைசியாத்தான்யா, அதான் வழக்கம்" என்றார் பகான். அப்படியே கலைந்துவிட்டோம். நான் ஏன் ஓடினேன் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஏன் அவ்வளவு வேகமாக ஓடினார்கள்?

சுல்தான் படையோடு ஆற்றைக் கடந்து நம் நாட்டுக்குள் வரப் போகிறானாம். நம் பிரபு போன மாதமே ராஜாவின் பாசறைக்குப் போய்விட்டார். உன் அண்ணனும் போவான் என்று கேள்வி. ராஜா கட்சியும் கோமான் கட்சியும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆகிவிட்டார்களாம். உன் அண்ணன் திரும்பி வரட்டும், நானும் பேசிவிடுகிறேன்.

ரெனியே

*

தீரு
ஜூலை, இரண்டாம் வாரம்

அத்தான்,

அண்ணன் திரும்பவில்லை. சுல்தானோடு நடந்த போரில், கொம்பு மலை என்கிறார்களே, அங்கே நம் ஆட்கள் தண்ணீர் இல்லாமல் தவித்துச் செத்தார்களாம். உயிரோடு வந்த ஒருவன், "பாசறையிலயே ராத்திரி முழுக்கச் சண்டைம்மா, சுல்தானை எதிர்த்துப் போகணும்னு ஒருத்தன், போகக் கூடாதுன்னு ஒருத்தன்" என்றான். நீங்கள் மன்னிப்புக் கேட்க இனி ஆளில்லை.

ஒரு சாவியை வைத்துக்கொண்டு நானும் கட்சி கட்டினேனே! மீன்காரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் கதவைத் திறந்து ஊருக்குச் சோறு போடுங்கள். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எஸ்கீவா

*

பெல்ரிவ்
மகதலா மரியாள் திருநாள்

என் எஸ்கீவாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

சாவி வந்து சேர்ந்தபோது சுல்தானின் ஆட்கள் திராட்சைத் தோட்டம் வரை வந்துவிட்டார்கள். ஓடிப்போய் என் பூட்டைத் திறந்தேன். மற்ற இருவரும் சும்மா நின்றார்கள். "என்னய்யா பார்க்கிறீங்க?" என்று கத்தினேன். பகான் அழுதுவிட்டார். அவரை நம்பாமல் பிரபு சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அது இப்போது மலையில் கிடக்கிறது. கார்னியே பட்டுத்துணியைப் பிரித்தான். உள்ளே ஆலயத்து மெழுகுவர்த்தித் தட்டின் கைப்பிடி! பட்டாபிஷேகச் செய்தி வந்த அன்றே, ராஜா கட்சிக்கு ஒரு மணி கோதுமைகூடப் போகக் கூடாதென்று சாவியைக் கடலில் எறிந்துவிட்டானாம்.

அடிக்கத் தோன்றவில்லை. கழுத்திலிருந்த உப்புக்கறி அறைச் சாவியைக் கழற்றி, அன்று நான் தூக்கியது இதைத்தான் என்று காட்டினேன். பிறகு செக்கு உத்தரத்தைத் தூக்கிவந்து, மூவரும் சேர்ந்து கதவை இடித்தோம். இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

உள்ளே கோதுமை இல்லை. வண்டு தின்ற மாவு முழங்கால் வரை கிடந்தது. ரொட்டிக்கார அம்மாள் ஒரு கை அள்ளிப் பார்த்து, "இதுக்கா இம்புட்டு நாள் காவல் காத்தீங்க?" என்றாள்.

மறுநாள் ஊரைச் சுல்தானிடம் ஒப்படைத்துவிட்டோம். உயிருக்குப் பயமில்லை, மூன்று நாளில் கிளம்ப வேண்டும். சுல்தானின் அதிகாரி சாவிகளைக் கேட்டார். களஞ்சியத்துச் சாவியைக் கொடுத்தேன். "பூட்டு மூணு இருக்கே, மத்த ரெண்டு எங்கே?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். இடிந்து கிடந்த கதவைக் காட்டினேன்.

உன் அண்ணனிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்கிறேன். மன்னித்துவிடு.

நாளை தீருவுக்குப் படகு ஏறுகிறேன். உப்புக்கறி அறைச் சாவி மட்டும் கழுத்தில் இருக்கிறது. அந்த அறை இனி நம்முடையது இல்லை. வந்து தட்டுவேன், கதவைத் திற.

உன் ரெனியே