மொட்டைப்பாறைக்கு எந்தப் பக்கம்

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். தோசை மாவு, பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

எங்கள் மலையேற்றக் குழுவின் வழிகாட்டிப் புத்தகம் மறுபதிப்பு. குடைமலைப் பக்கத்தை நான்தான் திருத்தித் தர வேண்டுமாம். செயலாளர் போனில்: "சார், மேற்கு வழிக்கு ஆல்பர்ட் சார் பேரையே வெச்சிடலாம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவரோட வருஷப் பூசை முடிஞ்சதும் அறிவிச்சிடறோம். உருக்கமா ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

சரி என்றேன். ஆல்பர்ட் முப்பது வருட நண்பன். போன வருடம் அந்த வழியில் தனியாக ஏறி, விழுந்து செத்தான்.

ஜூலை 9
பெயர்: உச்சியில் எந்நேரமும் மேகம் கவிந்திருக்கும். அதனால் குடைமலை. அடிவாரத்துக்காரர்கள் வைத்தது. வெள்ளைக்காரன் வரைபடத்தில் பெயரே இல்லை, உயரம் மட்டும்.

முதலில் ஏறியவர்: பழைய பதிப்பில் யாரோ ஒரு துரை. அந்தப் பெயரை அடித்துவிட்டேன். துரைக்கு வழி காட்டியதே தேன் எடுக்கிறவர்கள்தானே!

வழிகள்: கிழக்கு, தேயிலைத் தோட்டம் வழியாக, சுற்று. மேற்கு, ஓடையோரம், செங்குத்து. மேற்கு வழி போன பதிப்பில் நான் சேர்த்தது. எடுத்துப் படித்தேன். "ஓடை தாண்டியதும் மொட்டைப்பாறை இடது கைப்பக்கம் இருக்கும்படி ஏறவும்."

ஐயோ.

ஜூலை 10
பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.

ஏறும்போது எனக்கு மூச்சு போதாது. குறிப்பெல்லாம் இறங்கும்போதுதான் எழுதுவேன். வீட்டுக்கு வந்து இடம் வலம் மாற்றி நகல் எடுப்பேன். அந்த ஒரு வரியை மாற்றவில்லை. இறங்குகிறவனுக்கு இடது, ஏறுகிறவனுக்கு வலது. தப்பான பக்கம் போனால் புல் மூடிய சரிவு. அங்கேதான் விழுந்தான். அவனுக்கு அது புது வழி. புத்தகம் பையில் இருந்தது.

"அவனுக்கு எப்பவுமே அலட்சியம்பா" என்று ஒரு வருடமாக எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். சீ.

சத்தம் போடாமல் திருத்திவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூலை 12, வெள்ளி
மாலையில் தூறல். குடை எடுக்கவில்லை. பெசன்ட் நகர், ஆல்பர்ட் வீடு. அவன் மனைவி ரோஸி காபி கொடுத்தாள். சொல்லிவிட்டேன். காபி அப்படியே ஆடை கட்டியது.

கத்துவாள் என்று நினைத்தேன். "அப்போ அவர் மேல தப்பே இல்லையாண்ணா?"

"இல்லம்மா. நான் எழுதினபடிதான் நடந்திருக்கான்."

"ஸ்டெல்லா, இங்க வாடி! அப்பா கவனமாத்தான் போயிருக்காரு!"

மகள் வந்து நின்றாள். "ஒரு வருஷமா அப்பாவைத் திட்டிக்கிட்டே இருந்தேன், அங்கிள்" என்று விசும்பினாள்.

வாசல்வரை வந்தாள் ரோஸி. "வழிக்கு அவர் பேர் வேணாம். பூசைக்கு எல்லாரும் வருவாங்க, அங்க இதைச் சொல்லிடுங்க. அப்புறம் இங்க வராதீங்கண்ணா."

ஜூலை 14, ஞாயிறு
வெயில். ஏழரை மணிப் பூசை. முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை தேய்த்தாயிற்று.

பக்கம் முடிந்தது. மேற்கு வழி, பெயர் இல்லை. மொட்டைப்பாறை வலது கைப்பக்கம். பத்து தடவை சரிபார்த்தேன்.

முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காபி அவர்கள் வீட்டில்தான்.