மருமகன் முன்னால்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

தசை தேய்ந்த முதியவர்களுக்கான பயிற்சி ஆய்வுக்கு இன்று மண்டூரில் ஆள் சேர்த்தோம். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழ முடியாதவர்களை மட்டுமே எடுப்போம்.

தோணிக்காரர் கந்தையா, தன் வீட்டோடு இருக்கும் மருமகனுடன் வந்தார். அவன் பார்த்துக்கொண்டு நிற்க, பல்லைக் கடித்தபடி திரும்பத் திரும்ப எழுந்தார்.

"நோவுதா ஐயா?" என்றேன்.

"எனக்கென்ன நோவு? இவனை இருத்திப் பாருங்க. விடிஞ்சாலும் எழும்ப மாட்டான்."

மருமகன் சிரித்தான்.

நன்றாக எழுந்ததால் அவருக்கு ஆய்வில் இடமில்லை; அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மருமகன் மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனதும், கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"பயிற்சி எப்ப தொடங்கும், மகள்? ராவில நோவு தாங்க ஏலாது."

மருமகனை முதலிலேயே வெளியே அனுப்பியிருக்கலாம். நான் வாய் திறப்பதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கந்தையா கதவை விட்டு நிமிர்ந்து நடந்தார்.