கெம்பிக்குப் பட்ட கண்

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. அஸ்ஸாமில் மழை நின்றதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தொரப்பள்ளியில் எங்களுக்கு உடம்பு சுகம்தான், மனசுதான் சுகமில்லை. நம் ஜூ கெம்பி செத்துப்போனது பேப்பரிலேயே வந்துவிட்டது, நீயும் பார்த்து அழுதிருப்பாய். பேப்பரில் வராததைத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால் இந்தக் கூரியர்.

ஜூவில் தீனி போடும் வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பா பெற்ற உன்னைவிட அந்த ஒராங்குட்டான் குரங்கைத்தான் அதிகம் தூக்கி வளர்த்தார் என்று நான் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். இனி யாரோடு போட? சிப்காட் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு பஸ் பஸ்ஸாக ஜூவுக்கு வருவதே அவளுக்காகத்தான். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எதில் கூப்பிட்டாலும் வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பாள். யானை வருகிறதென்று கேழ்வரகுக் காட்டைச் சுற்றிக் கரண்டுக் கம்பி கட்டியிருந்த கோவிந்தப்பன்கூட, பேத்தியோடு போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, அதுங்களுக்கும் நம்மளாட்டம் புள்ளகுட்டி இருக்குதில்ல என்று கம்பியைச் சுருட்டி வைத்தாரே. நீ மிருக டாக்டரானதும் அவளால்தானே.

தசரா லீவில் கூட்டம் நெரிந்தது. அது முடிந்ததும் கெம்பி சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுருண்டு படுத்திருக்கிறாள். அப்பா வீட்டுக்கு வந்து, இத்தினி பேரு கண்ணும் பட்டா புள்ள என்னாத்துக்கு ஆவும் என்று புலம்பினார். ஜூ டாக்டரம்மாவிடம் சொன்னால் மயக்க ஊசி போடுவார்கள், போன தடவை ஊசிக்கே அவள் நடுங்கிப்போனாள் என்று பயம். உப்பும் மிளகாயும் கொண்டுபோய்க் கூண்டுக்கு வெளியே நின்று சுற்றிப் போட்டார். ஒரு நாள் ஒரு வாய் வாழைப்பழம் தின்றாளாம், கண் கழிந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்தார். மறுபடி படுத்துவிட்டாள். அப்புறம்தான் டாக்டரம்மா பார்வதியிடம் ஓடினார். தொண்டைக்குக் கீழே தொங்கும் காற்றுப் பையில் சீழ் கட்டி நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டேதான் போனாள்.

மொட்டை போட்டுக்கொண்டு வந்து படுத்தவர்தான். களியைக் கிண்டி வைத்தால் அப்படியே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி ஜூவில் அஞ்சலி வைத்தார்கள், நீங்கள்தான் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள், எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்தப் புள்ளைங்க முன்னாடி நிக்கறது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பயமாக இருக்கிறது கண்ணு. முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று உன்னைக் கேட்க வேண்டும் என்கிறார், கேட்கவும் நடுங்குகிறார். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அது என்னோடு இருக்கட்டும். அவர் கேட்டால், என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது, முன்னமே முற்றிப்போயிருந்தது என்று சொல்லிவிடு. உனக்குப் பொய் வராது, தெரியும். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் சொல்.

உன் கை பட்ட உயிரெல்லாம் பிழைத்து எழுந்திருக்க வேண்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். டாக்டராகவே பேசு கண்ணு, மகளாகச் சொன்னால் நம்ப மாட்டார்.

உன் அம்மா,
நாகம்மா மாதப்பன்